ஒன்பதாம் இலக்க ஜேர்சி

அன்பு மகனே,

நாளை மத்தியானம் நீ கனடாவுக்கு விமானம் ஏறப்போகிறாய். உன் அம்மா மிளகாய்த்தூள் போத்தலைப் பழைய துவாயொன்றில் சுற்றி உன் பெட்டிக்குள் வைப்பதும், பிறகு மனம் கேளாமல் எடுத்து இன்னொரு துவாயால் சுற்றுவதுமாக நிற்கிறாள். நிறை கூடினால் விமான நிலையத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடச் சொல்வார்கள் என்று நான் சொல்லப்போய், "நீங்கள் உங்கடை விசிலை ஊதுங்கோ, பெட்டியை நான் பாக்கிறன்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்களுடைய பயணப் பத்திரம் இன்னும் வரவில்லை. அதனால் அங்கே நடக்கிற உன் கலியாணத்துக்கு நாங்கள் இருவரும் வரமுடியாது. தாயும் தகப்பனும் பக்கத்தில் இல்லாமல் கோயில் படியேறப்போகிற பிள்ளைக்கு மிளகாய்த்தூளையாவது சிந்தாமல் கட்டிவிட வேண்டும் என்று அவள் பாடுபடுகிறாள். என்னையும் சும்மா இருக்க விடவில்லை. "உங்களுக்கு வாயாலை சொல்ல வராது, எழுதியாவது குடுங்கோ" என்று கொப்பித் தாள்களைக் கிழித்து மேசையில் போட்டுவிட்டுப் போனாள். எழுதி முடித்ததும் உன் சேட்டுகளுக்கு நடுவில் வைப்பேன். அங்கே போய்ப் பெட்டியைத் திறக்கும்போது உன் கைக்குக் கிடைக்கும்.

இந்த நகரத்தில் என்னை இரண்டு விதமாக அறிந்திருக்கிறார்கள். உணவகத்தின் பின்பக்கத்தில் நான் தட்டுக் கழுவுகிற கிழவன். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் மெட்ரோவை விட்டு இறங்கினால் மாஸ்ரர். ஊரில் இருபத்திரண்டு வருடம் எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்தவன். வகுப்பில் பூமிசாஸ்திரமும் படிப்பித்தேன், ஆனால் அதை நானே மறந்துவிட்டேன். மைதானத்தில் எனக்கென்று சில கொள்கைகள் இருந்தன. பந்து வைத்திருப்பவனைப் பார்க்க ஆயிரம் கண் இருக்கும், பயிற்றுநர் பார்க்க வேண்டியது பந்து இல்லாதவன் என்ன செய்கிறான் என்பதை என்று நினைத்தேன். அது இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். இரண்டாவது கொள்கை, பெடியளைப் புகழக்கூடாது என்பது. புகழ்ந்தால் கால் நிலத்தில் நிற்காது என்று நம்பினேன். மிக நன்றாக ஆடினால் ஒருமுறை தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். போன மாரியில் லாச்சப்பலில் ஒருவன் என்னை மறித்தான். தலை நரைக்கத் தொடங்கிய மனிதன், என்னுடைய பழைய ஆட்டக்காரன். சுகம் விசாரித்து முடிக்க முன்னரே, "சேர், அந்தக் கடைசி மட்சிலை பெனால்ரியை நான் இடப்பக்கம் அடிச்சது சரியோ?" என்று கேட்டான். பதினைந்து வருடத்துக்கு முந்திய பெனால்ரி. கோல் போயிருந்தது, நான் தலையை ஆட்டியிருந்தேன், அந்த ஆட்டல் ஓமா இல்லையா என்று இவ்வளவு காலமும் யோசித்திருக்கிறான். "நல்லா அடிச்சனி" என்றேன். அவன் மெட்ரோ வாசலில் நின்று கண்ணைத் துடைத்தான். எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது.

அவன் எனக்கு அந்நியன். நீ என் பிள்ளை. மற்றவர்கள் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினால் உன்னைப் பன்னிரண்டு ஓடவிட்டேன். மைதான வாசலுக்குள் வந்தால் நீ என்னைச் சேர் என்று கூப்பிட வேண்டும், வாசலைத் தாண்டினால்தான் அப்பா. "ஓடுறியோ, மாதா சுருவத்துக்குப் பின்னாலை பவனி போறியோ?" என்று உன்னைப் பார்த்துக் கத்தும்போது மற்றப் பெடியள் சிரிப்பார்கள், நீயும் சேர்ந்து சிரிப்பாய். நீ நன்றாக ஆடுகிறாய் என்று ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. ஊரார் சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். ஊரார் வேறொன்று சொன்னார்கள்.

கல்லூரியில் உன் கடைசி வருடம் அது. பெரிய ஆட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது பாண் வாங்கக் கடைக்குப் போனேன். உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் நான் வந்ததைக் காணவில்லை. "மாஸ்ரரின்ரை பெடியன் எண்டபடியாலை அவனுக்கு ஒன்பதாம் நம்பர். இல்லாட்டில் அன்ரன்தான் விளையாடோணும்" என்றான் ஒருவன். "வேறை ஆரும் எண்டால் மாஸ்ரர் எப்பவோ வெளியிலை இருத்தியிருப்பார்" என்றான் மற்றவன். பாண் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். "பாண் எங்கை?" என்று கேட்ட அம்மாமேல்தான் எரிந்து விழுந்தேன். இரண்டு நாள் கழித்து, குருவானவரான எங்கள் அதிபர் சுவாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்று சொன்னார். கொழும்பில் ஒரு வங்கியின் அணிக்கு முன்வரிசையில் ஒருவன் தேவையாம், ஆள் பார்க்க ஒருவர் நம்முடைய ஆட்டத்துக்கு வருகிறாராம், எடுபட்டால் வேலையும் சேர்ந்து கிடைக்குமாம். அந்த ஆள் வந்தது தற்செயல் என்றுதான் நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை மகனே. எனக்கு முன்னரே தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

ஆட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்ததே. செபம் முடிந்து பெடியள் விளையாட்டு அறையில் நிலத்தில் இருப்பீர்கள். நான் முதலில் இலக்கத்தைச் சொல்வேன், பிறகு பெயரைச் சொல்வேன். பெயருக்குரியவன் எழும்பி வந்து இரண்டு கையாலும் ஜேர்சியை வாங்க வேண்டும், மற்றவர்கள் ஒருமுறை கை தட்ட வேண்டும். மேலதிக ஆட்டக்காரருக்கு என் கையால் கிடைக்காது, அவர்களுக்குக் கப்டன்தான் கொடுப்பான். அன்றைக்கு எட்டாவது ஜேர்சியைக் கொடுத்து முடித்து "ஒன்பது" என்றேன். நீ எழும்பிவிட்டாய். முழுதாக அல்ல, பாதி. ஒரு முழங்கால் நிலத்தில், இரண்டு கையும் முன்னால் வந்துவிட்டது. "அன்ரன்" என்றேன். நீ கையை இழுத்துக்கொண்டாய். பிறகு திரும்ப நிலத்தில் இருந்துகொண்டு, எல்லாருக்கும் முதலில் கை தட்டினாய். நான் அடுத்த இலக்கத்தை வாசித்தேன். என் குரல் மாறவில்லை. அதை நினைத்து அப்போது பெருமைப்பட்டேன், இப்போது நெஞ்சு கொதிக்கிறது.

வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த நீ, "ஏன் அப்பா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாய். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்கு வலித்திருக்கும், ஆனால் அது என் குற்றமாக இருந்திருக்கும். நான் என்ன சொன்னேன்? "ஒன்பதாம் நம்பருக்கு நீ இன்னும் காணாதடா. அவசரப்படாதை." நீ "ஓம் அப்பா" என்றாய். நான் சொல்லிவிட்டேன், நீ நம்பிவிட்டாய். ஆட்டத்தைப் பற்றி நான் சொல்கிற எதையும் நீ சந்தேகித்ததில்லை. அடுத்த நாள் அன்ரனின் சப்பாத்து கிழிந்திருக்கிறது என்று உன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாய். அந்தச் சப்பாத்தோடு அவன் ஒரு கோல் போட்டான், நாங்கள் வென்றோம், கொழும்பிலிருந்து வந்தவர் அவனுக்குக் கை கொடுத்தார், வங்கி வேலையும் அவனுக்கே கிடைத்தது. அதிபர் சுவாமி எல்லாருக்கும் முன்னால், "சொந்தப் பிள்ளையை இருத்தின கோச்சை நான் இண்டைக்குத்தான் கண்டனான்" என்றார். பாண்கடையில் எனக்கு எழும்பி இடம் விட்டார்கள். ஒரு வருடம் அந்த மரியாதையில் மிதந்தேன். நீ அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

அன்ரன் தகப்பன் இல்லாத பெடியன், குடும்பத்துக்கு ஒரு சம்பளம் தேவைப்பட்டது. அவனுக்காக இரக்கப்பட்டுத்தான் செய்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்திருந்தால் நல்லது. ஆனால் பெயர்களை எழுதிய நேரத்தில் அவனுடைய வீட்டை நான் நினைக்கவேயில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்த மூன்று பேரைத்தான் நினைத்தேன். மகனை விளையாடவிட்டு மகனுக்கே வேலையும் எடுத்துக் கொடுத்தார் மாஸ்ரர் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன்.

பிறகு அந்த எண்பத்து மூன்று ஜூலை வந்தது. அன்ரன் கொழும்பில் வாடகைக்கு இருந்த வீட்டுக்குள், தமிழரைத் தேடி வந்த கும்பல் புகுந்தது. உடலைக்கூட ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. நீ இரண்டு நாள் முற்றத்திலேயே கிடந்தாய். என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "கடவுள்தான் மாஸ்ரரின்ரை கையைப் பிடிச்சு அந்த லிஸ்ரை எழுதுவிச்சவர். இல்லாட்டில் உங்கடை பெடியன் எல்லோ அங்கை நிண்டிருப்பான்" என்றார்கள். ஓம் என்று தலையை ஆட்டினேன். மகனே, உன்னை உயிரோடு பார்க்கும்போது எந்தத் தகப்பனும் அப்படித்தான் ஆட்டுவான். ஆனால் அன்றோடு என் குற்றத்துக்கு ஒரு மூடி கிடைத்துவிட்டது. உனக்குச் செய்த அநியாயத்தை இனிச் சொல்லத் தேவையில்லை என்றாகிவிட்டது. சொல்லவும் முடியாமல் போய்விட்டது. நீ விளையாடியிருக்க வேண்டியவன் என்று நான் சொன்னால், அன்ரனின் இடத்தில் நீ செத்திருக்க வேண்டியவன் என்று சொன்னது போலல்லவா கேட்கும்?

நீ முதலில் இங்கே வந்தாய், பட்ட பாட்டையெல்லாம் எங்களுக்கு எழுதாமல், இரண்டு வருடத்தில் எங்களைக் கூப்பிட்டாய். எனக்கு வேலை எடுத்துத் தந்ததும் நீதான். பிரெஞ்சு தெரியாத எனக்கு முதல் நாள் பக்கத்தில் நின்று எந்தத் தட்டை எங்கே அடுக்குவது என்று காட்டிவிட்டு, "தலைமைப் பயிற்றுநர் நான், சொன்னபடி செய்யுங்கோ" என்று பகிடி விட்டாய். பிறகு லாச்சப்பல் பெடியள் ஒரு அணி சேர்த்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், நகருக்கு வெளியே திரான்சியில் ஒரு மைதானம். பாதிப் பேர் கடையிலும் உணவகத்திலும் நின்று நின்று கால் வீங்கியவர்கள், ஆனாலும் வருவார்கள். ஒரு ஞாயிறு எனக்குக் குளிருக்குப் போட மேல்கோட்டு எடுத்துக்கொண்டு நீ வந்திருந்தாய். அன்றைக்கு ஒருவனை முதலாளி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார், பதினொருவரில் ஓராள் குறைந்துபோயிற்று. "அண்ணை, நீங்கள் இறங்குங்கோவன், சும்மாதானே நிக்கிறியள்" என்று பெடியள் உன்னை இழுத்தார்கள். நீ சிரித்துக்கொண்டு, "ஐயோ, நான் காணாது. அப்பாவைக் கேளுங்கோ, அவருக்குத் தெரியும்" என்றாய். பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். விசில் என் வாயில் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஊதினேன். பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். ஊரில் செய்ததையாவது பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம், திரான்சியில் செய்ததற்கு ஒரு சாட்டும் என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகுதான் உன் வாயிலிருந்து அந்தச் சொல் எத்தனை தரம் வருகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். நீ வேலை செய்கிற களஞ்சியத்தில் உன்னைப் பொறுப்பாக நிற்கச் சொன்னார்கள், காணாது என்று மறுத்துவிட்டு, உனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கீழே இப்போது வேலை செய்கிறாய். போன கிழமை சாப்பாட்டு மேசையில் அம்மா பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தபோது நீ என்ன சொன்னாய்? "அவ படிச்ச பிள்ளை அம்மா. நான் காணாது எண்டு அவவுக்குப் போகப் போகத் தெரியவரும்." சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். நீ வேலைக்குப் போன பிறகு அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "உது அவன்ரை சொல்லில்லை. உங்கடை சொல்லு. கலியாணத்துக்குப் போற பிள்ளை உங்கடை சொல்லைக் கட்டிக்கொண்டு போகுது" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் என்னோடு அப்படிக் கதைத்ததில்லை. பிறகு அழுதாள். நானும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்ரனின் தாய் போன வருடம் திரான்சியில் இருக்கிற மகளிடம் வந்திருக்கிறார். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது என்னைக் கண்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாஸ்ரர், முதல் சம்பளத்திலை அவன் எனக்குச் சீலை எடுத்து அனுப்பினவன். அந்தக் கொஞ்சக் காலமும் என்ரை பிள்ளை ராசா மாதிரி இருந்தவன். சொந்தப் பிள்ளையை விட்டிட்டு என்ரை பிள்ளைக்குக் குடுத்தியள். நான் செபத்திலை உங்களை விடுறேல்லை" என்றார். "ஓம் அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவரிடம் என்ன சொல்வது? உங்கள் மகனை அவன் திறமைக்காக எடுக்கவில்லை, மூன்று பேருடைய வாய்க்குப் பயந்து எடுத்தேன் என்றா? அதை அவரிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. அன்ரன் அந்த ஜேர்சிக்கு உரியவன் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும், ஓடிய ஓட்டத்துக்கு அவனும் உரியவன்தான். அவனைக் கொன்றவர்கள் கொன்றார்கள். அதை நீயும் சுமக்க வேண்டாம். ஆனால் அவனுடைய சாவைக் காட்டி உனக்குச் செய்ததை நியாயமாக்குகிற வேலையை நான் இன்றோடு விட்டுவிடுகிறேன்.

ஆகவே இப்போது பயிற்றுநராக உனக்குச் சொல்கிறேன், கேள். தலையால் அடிப்பதில் நீ சுமார். மழைத் தரையில் சோம்பல் படுவாய். ஆனால் பந்து உன் காலுக்கு வருமுன்னரே யார் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிடுவாய். அதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை, யாருக்கும் சொல்லித்தர என்னால் முடிந்ததுமில்லை. இரண்டு காலாலும் ஒரே மாதிரி அடிப்பாய். இருபத்திரண்டு வருடத்தில் என் கையால் ஒன்பதாம் இலக்கத்தை வாங்கியவர்களில் உன்னைவிட நல்ல ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான், ஒருவன்தான். அது அன்ரன் அல்ல. அந்த ஆட்டத்தில் நீதான் இறங்கியிருக்க வேண்டும். நான் அதை அறிந்திருந்தேன். பெயர்களை எழுதும்போதும் அறிந்திருந்தேன்.

உன் மனைவிக்கு நீ என்னைப்போல் இருந்துவிடாதே. நல்லதைக் கண்டால் நல்லது என்று அப்பொழுதே வாயைத் திறந்து சொல். தலையை ஆட்டிவிட்டுப் போகாதே, எதிரில் நிற்பவருக்கு அது ஓமா இல்லையா என்று விளங்காது. உனக்குப் பிள்ளைகள் பிறந்து, ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பயம் உனக்கும் வந்தால், ஊராரை விட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கம் நில். அந்தப் பெண் உன்னைக் கட்டச் சம்மதித்தது உன்னைத் தெரியாமல் அல்ல. உன்னுடைய ஆறு மாதக் கடிதங்களை வாசித்துவிட்டுத்தான் சம்மதித்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்ததை நம்பு, நான் சொன்னதை நம்பாதே.

நான் எத்தனையோ பெடியளை இருத்தியிருக்கிறேன். ஒருவன் என் சைக்கிளுக்குக் காற்றுத் திறந்துவிட்டான். ஒருவன் ஆறு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொருவனின் தகப்பன் வீட்டு வாசலுக்கு வந்து ஏசிவிட்டுப் போனார். உனக்கு மட்டும் ஒருநாளும் கோபம் வரவில்லை. அடக்கமான பிள்ளை என்று ஊர் சொன்னது, நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. தனக்கு உரியதைப் பறித்துவிட்டார்கள் என்று தெரிந்தவனுக்குத்தான் கோபம் வரும். தனக்கு உரியதே இல்லை என்று நீ நம்பியிருந்தாய். அதனால்தான் முதலில் கை தட்டினாய்.

இதை வாசித்துவிட்டு, பரவாயில்லை அப்பா என்று எழுதிவிடாதே. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லாதே, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ரெலிபோன் எடு. அம்மா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று என்னைக் கேட்டுக் கத்து, வாய்க்கு வந்தபடி ஏசு. நான் குறுக்கே ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நிற்பேன். நீ கத்துவதைக் கேட்டால்தான், நான் இன்று எழுதியதை நீ நம்பிவிட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அப்பா